பாதாம் மணந்த பட்டு

நோயிலிருந்து எழுந்தவர்கள் இறைவனுக்கு ஒரு வணக்கமும் மருத்துவருக்கு ஒரு வணக்கமும் வைத்துவிட்டுத் தம் கதையைத் தொடங்குவார்கள். அந்த இரண்டு வணக்கங்களையும் நேரில் சென்று செலுத்திவிட்டேன். ஆகவே நடந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழி மாதம். எனக்கு அப்போது அறுபத்தொரு வயது. ஆரணியில் ஆறு பட்டுத்தறிகளும், வீட்டின் பின்கட்டில் ஒரு சிறிய சாயப்பட்டறையும் வைத்து நடத்திக்கொண்டிருந்தேன். என்னைப் படுக்கையில் தள்ளியது நைட்ரோபென்சீன் என்னும் திரவம். அந்தப் பெயரை மருத்துவமனையில் ஐந்தாம் நாள்தான் முதன்முதலாகக் கேட்டேன். ஆனால் அதன் புட்டி அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பே என் பூசை அறையில் விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. பட்டு உடுத்திப் பூசை செய்கிறவர்கள் எங்கள் ஊரில் பலர். அவர்களுக்கு ஓர் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்பது இதை எழுத ஒரு காரணம். மற்றொரு காரணம் எனக்குப் பெருமை தருவதன்று.

எங்கள் தெருச் சிவன் கோயிலில் மார்கழி முப்பது நாளும் விடியலில் பதிகம் ஓதுவதாக நேர்ந்துகொண்டு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. என்னோடு ஐந்து பேர் சேர்ந்து ஓதுவார்கள். ஒரு நாளும் தவறியதில்லை. அந்த ஓதலுக்கென்றே சந்தன நிறத்தில் ஒரு பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும் என் தறியிலேயே நெய்து வைத்திருந்தேன். பூசைப் பட்டை வெளுக்கப் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை. சவர்க்காரத்தில் கொழுப்பு உண்டு என்பதால் அதுவும் படாது. கிணற்று நீரில் அலசி நிழலில் உலர்த்துவதோடு சரி.

அந்த ஆண்டு மார்கழி மூன்றாம் நாள், மேலே தொங்கிய தூண்டாமணி விளக்கிலிருந்து எண்ணெய் வழிந்து வேட்டியின் இடுப்பு மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. எண்ணெய்க் கறை தண்ணீருக்குப் போகாது. தறியில் இப்படிக் கறை விழுந்தால் வெள்ளைப் பெட்ரோலைப் பஞ்சில் தொட்டு ஒற்றி எடுப்போம். கால் மணியில் ஆவியாகிப் போய்விடும். வேலைக்கு அது சரி. பெட்ரோல் நாற்றத்தோடு சந்நிதியில் நிற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கடைத்தெருவில் சோப்பு காய்ச்சுகிறவர்களுக்கு வாசனைச் சரக்கு விற்கும் ஒருவரிடம் போனேன். எண்ணெய்க் கறையையும் எடுக்க வேண்டும், மணமும் நன்றாக இருக்க வேண்டும் என்றேன்.

அவர் மஞ்சள் கலந்த ஒரு திரவத்தை எடுத்துக் காட்டினார். மூடியைத் திறந்ததும் பாதாம் பருப்பை அரைத்தது போன்ற மணம்.

“கறைய எடுக்குங்க. ஆனா இது சோப்புக்கு நாலு சொட்டு விடற சரக்கு. கையில ஊத்திக்காதீங்க, தலைய சுத்தும்” என்றார்.

“பாதாம் எண்ணெய்தானே?” என்றேன்.

“பாதாம் மாரி வாசன, அவ்ளோதாங்க” என்றார்.

அவர் சொன்னதில் மறைப்பு ஒன்றும் இல்லை. பாதாம் என்ற சொல்லை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

பஞ்சில் தொட்டு ஒற்றினேன். கறை இடம்விட்டு இடம் நகர்ந்து வளையமாக விரிந்தது. மறுநாள் இன்னும் அகலமாக ஒற்றினேன். அதற்கு மறுநாள் அங்கவஸ்திரத்தின் ஓரத்தையும் சேர்த்துத் துடைத்தேன். பெட்ரோலைப் போல அது விரைவில் காயவில்லை. மணம் நிலைத்து நிற்பதை அந்தப் பொருளின் சிறப்பாகவே எண்ணினேன்.

என் மனைவி கனகம் பூசை அறை வாசலில் நின்று, “இன்னாங்க இது, அல்வா கிண்டினாப்ல மணக்குது” என்றாள். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

காற்றுப் புகாத சந்நிதி, நெருக்கமாக விளக்குகள், இடுப்பில் ஈரம் மாறாத பட்டு. ஒன்றரை மணி நேரம் ஓதிவிட்டு வரும்போது தலை கனக்கும். மார்கழியில் நான் ஒருவேளைதான் உண்பேன். தலைக்கனத்தை அந்த நோன்பின் கணக்கில் வைத்தேன்.

பதினோராம் நாள் கனகத்தின் தம்பி ஏழுமலை வீட்டுக்கு வந்தான். தறிக்குப் பாவு நூல் ஓட்டுவதில் கெட்டிக்காரன். வாய் அதைவிடக் கெட்டி. என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “மாமா, நாவப்பழம் எதுனா துன்னியா? ஒதடு ஒரு மாரி கீது” என்றான்.

“மார்கழியில் ஏதடா நாவல்பழம்?”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

பன்னிரண்டாம் நாள் ஓதி முடித்து வீடு வந்து, துணி மாற்றிக்கொண்டு, முற்பகலில் தறிக்குழியருகே நின்று நெய்கிறவரோடு பேசிக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கியது. நகங்கள் சிலேட்டுப் பலகையின் நிறத்தில் இருந்தன. உட்கார்ந்தது நினைவிருக்கிறது. உள்ளூர் மருத்துவர் வந்து நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, இருதயமாக இருக்கும் என்று ஐயுற்று, வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். வாடகைக் கார் பிடித்தார்கள். “ஜல்தியா போ, ஆனா குலுக்காத” என்று ஏழுமலை ஓட்டுநரிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். இரண்டும் ஒருங்கே கூடாது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

மருத்துவமனையின் பெயரை எழுத வேண்டிய தேவை இல்லை. காத்திருக்கும் கூடத்தில் நீண்ட பெஞ்சுகள். ஒரு பெஞ்சின் கடைசியில் என்னைச் சாய்த்து வைத்திருந்தார்கள். என் நிறத்தைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர்கள் தாங்களாகவே எழுந்து இடம் விட்டார்கள். உள்ளே கொண்டுபோய் மார்பில் கம்பிகளை ஒட்டி இருதயத்தின் ஓட்டத்தைத் தாளில் வரைந்து பார்த்தார்கள். பெரிய குறை இல்லை. மூக்கில் பிராணவாயு வைத்தார்கள். இரண்டு மணி நேரம் வைத்தும் உதட்டின் நீலம் மாறவில்லை. மருத்துவர் முப்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மையார். அது மாறாததைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் கூர்மையானது. இரத்தம் எடுக்கச் சொன்னார்.

இரத்தம் எடுக்க வந்தவர் பெயர் தனகோட்டி. பரிசோதனைக்கூடத்தில் வேலை. வெம்பாக்கம் பக்கத்துக் கிராமத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்திலிருந்து கல்லூரிவரை படித்து வந்தவர் என்று பின்னால் அறிந்தேன். ஊசிக்குழலில் ஏறிய என் இரத்தம் சிவப்பாக இல்லை. கருப்பட்டிப் பாகு போலப் பழுப்பாக இருந்தது. அவர் வடிதாள் ஒன்றில் என் இரத்தத்தில் ஒரு துளி விட்டார். பிறகு தன் விரலைக் குத்தி அதன் பக்கத்தில் தன் துளி ஒன்றை வைத்தார். காற்று பட்டதும் அவர் துளி செங்குங்குமமாக மாறியது. என்னுடையது பழுப்பாகவே இருந்தது.

மருத்துவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இரத்தத்தில் இரும்பு இருக்கிறது. மூச்சுக் காற்றைச் சுமந்து உடம்பெங்கும் கொடுப்பது அதுதான். சில பொருள்கள் உடம்பில் புகுந்தால் அந்த இரும்பு ஒருவகையில் துருப்பிடித்தது போல மாறிவிடும். அதற்கு மெத்திமோகுளோபின் என்று பெயர். மாறிய இரும்பு காற்றைச் சுமக்காது. அதனால் எவ்வளவு பிராணவாயு கொடுத்தாலும் ஏற்றிச் செல்ல வண்டி இல்லை. மிகுந்துபோனால் உயிர் போகும்.

இதற்கு மருந்து மெத்திலீன் நீலம். ஊசிக்குழலில் அந்தக் கருநீலத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது ஒரு சாயம். அந்த இனத்துச் சாயங்களில் முப்பத்தைந்து ஆண்டுகள் பட்டு நூல் கழிகளைத் தோய்த்திருக்கிறேன். அதை என் கை நரம்பில் மெல்ல ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் உதடு தெளிந்தது. நீலம் போக நீலம் கொடுத்தது எனக்கு விந்தையாக இருந்தது. மாலையில் சிறுநீர் பச்சை நீலமாகப் போனதைப் பார்த்து ஏழுமலை பாத்திரத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான். பிறகு, “மாமா, இனிமே பட்டறையே வோணாம். நீயே போதும்” என்றான்.

எந்தப் பொருளால் வந்தது என்று கண்டறிவதுதான் அவர்களுக்கு முதல் வேலையாக இருந்தது. தனகோட்டி ஒரு தாளோடு வந்து உட்கார்ந்து கேட்டார்.

“சாயத்துல கை வெச்சீங்களா ஐயா? அனிலின் சாயம் எதுனா?”

“மார்கழி பிறந்ததிலிருந்து பட்டறைக்குள் போகவில்லை. நோன்பு.”

“கெணத்து தண்ணி எப்பிடி? மாத்திர எதுனா சாப்டுவீங்களா? பல்பொடி?”

எல்லாவற்றுக்கும் உண்மையான விடையைச் சொன்னேன். “வேற மருந்துச் சரக்கு, ரசாயனம் எதுனா தொட்டீங்களா?” என்றார். இல்லை என்றேன். அதுவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மையே. ரசாயனம் என்றால் பட்டறை என்பது என் எண்ணம். பூசை அறையில் இருப்பது பாதாம்.

அன்று மாலையே ஏழுமலையை ஆரணிக்கு அனுப்பினேன். நான் பிழைத்திருக்கும்வரை மறுநாள் விடியலில் ஓதியாக வேண்டும். பட்டைக் கொண்டுவா என்றேன். கடைசிப் பேருந்தில் திரும்பிவந்தான். பித்தளைச் சம்புடத்தில் பட்டை மடித்து வைத்து, இறுக மூடிக் கொண்டுவந்திருந்தான்.

“ஆஸ்பத்திரி பினாயில் வாசன ஏறிடும்னு, அந்த பாதாம் எண்ணெய ஊத்தி முழுசா தொடச்சி எட்டாந்தேன் மாமா. இப்ப பாரு, கோயில் மாரி மணக்கும்” என்றான். அன்றைக்கு எனக்குக் கிடைத்த அன்புகளில் அதுவே பெரியது என்று நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

பதின்மூன்றாம் நாள் விடியலில் செவிலி அனுமதித்தார். எட்டுக் கட்டில்கள் இருந்த கூடம். தாழ்ந்த குரலில் ஓதச் சொன்னார். கட்டிலில் சம்மணமிட்டு, இடுப்பில் வேட்டியும் தோளில் அங்கவஸ்திரமுமாக அமர்ந்து ஓதினேன். முடித்ததும் மடித்துச் சம்புடத்தில் வைத்து மூடினான் ஏழுமலை. மூடியே இருந்ததால் ஈரம் காயவில்லை. பத்து மணிக்குத் தலை கனத்தது. நண்பகலில் நகங்கள் மீண்டும் சிலேட்டு நிறமாயின. மறுபடியும் நீல மருந்து. மறுபடியும் தெளிவு. பதினான்காம் நாளும் அவ்வாறே.

பக்கத்துக் கட்டிலில் முனுசாமி என்ற பெரணமல்லூர் விவசாயி, குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு படுத்திருந்தார். அவருக்கு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பதினான்காம் நாள் மாலை அவர் கனகத்தைக் கூப்பிட்டார்.

“அம்மா, ஒண்ணு கெவனிச்சியா? பெரியவரு பாட்டு பாடி முடிச்சி நாலஞ்சி மணி நேரத்துல கழுத்து நீலமாவுது. மத்த நேரத்துல இல்ல. நான் பாத்துகினே கீறேன்.”

“அதுக்கு?”

“இன்னாம்மா அதுக்குன்ற. அவரு பாடறது யார? நஞ்ச முழுங்கிட்டு கழுத்து நீலமா நிக்கிறாரே, அவரத்தானே?”

கனகம் என் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

உண்மையில் நீலமானவை உதடும் நகமும் காதுமடலும். கழுத்தில் வேறுபாடு இருந்ததாக மருத்துவர் ஒருநாளும் எழுதவில்லை. காண விரும்பியவர்கள் கழுத்தைக் கண்டார்கள். ஏழுமலை ஊருக்குப் போனபோது செய்தியும் போயிற்று. பதினைந்தாம் நாள் காலை பத்து மணிக்குப் பதினொரு பேர் பேருந்தில் வந்து இறங்கினார்கள். நண்பகல்வரை நின்றார்கள். என் உதடு கறுத்தபோது ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்தார். செவிலி ஓடி வந்தார்.

“ஆக்சிஜன் பக்கத்துல கற்பூரமா? எல்லாரும் ஒண்ணா கைலாசம் போலாம்னு இருக்கீங்களா?”

கற்பூரம் மடிக்குத் திரும்பியது. கூப்பிய கைகள் இறங்கவில்லை.

என் மனம் அப்போது இருந்த நிலையை மறைக்காமல் எழுத வேண்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. நஞ்சுண்டவனை இருபத்திரண்டு மார்கழி பாடிய தொண்டைக்கு அவன் தன் நிறத்தில் ஒரு துளி கொடுத்திருக்கலாகாதா என்று எண்ணினேன். அடியவர்களின் வரலாறுகளில் இத்தகைய அடையாளங்கள் நிறைய உண்டு; அவற்றை நான் மேடையில் விரித்துச் சொன்னவன். தலைவலி கூடியிருந்ததை அன்று மருத்துவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஓதுவதை நிறுத்தச் சொல்வார் என்பது ஒரு காரணம். அந்த வலி எனக்கு வேண்டியிருந்தது என்பது மற்றொன்று.

அன்று பிற்பகல் மருத்துவர் கனகத்தை வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார். சன்னலுக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது.

“நாலு நாளா நாலு தடவை இந்த மருந்து ஏத்திட்டோம்மா. அளவுக்கு மேல போனா இந்த மருந்தே அதே கெடுதலைச் செய்யும். ரத்த அணுக்கள் உடைய ஆரம்பிச்சிருக்கு. காரணம் தெரியாம இன்னும் ரெண்டு தடவை இப்படி வந்தா, நான் உறுதி சொல்ல முடியாது.”

“பாட்டு பாடறதால வருதாங்க டாக்டரம்மா?”

மருத்துவர் சிரிக்கவில்லை. “ஏன் அப்படிக் கேக்கறீங்க?” என்றார். கனகம் முனுசாமி கண்டதைச் சொன்னாள். மருத்துவர் அவளை அங்கேயே உட்காரவைத்து, எந்த நேரத்தில் எது நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

பதினாறாம் நாள் விடியலில் தனகோட்டி ஊசியோடு வந்து நின்றார். “பாடறதுக்கு முன்னாடி ஒருவாட்டி, பாடின பின்னாடி ஒருவாட்டி எடுக்கச் சொன்னாங்கய்யா” என்றார். இறைவனுடைய காரியத்தைச் சோதனைக் குழாயில் பிடிக்க வந்திருக்கிறார் என்று எனக்குச் சினம் எழுந்தது. கையை மட்டும் நீட்டினேன். வடிதாளில் என் துளி அன்று ஓரளவு சிவந்தே இருந்தது. “நல்லா கீதுங்க” என்றார்.

ஏழுமலை சம்புடத்தைத் திறந்தான்.

தாளை மடித்துக்கொண்டிருந்த தனகோட்டி அப்படியே நின்றார். குனிந்து முகர்ந்தார்.

“இன்னா வாசனைங்க இது?”

“பாதாம் எண்ணெய்” என்றான் ஏழுமலை. “மாமா பூச துணிக்கு போடறது.”

“பாதாம் இப்பிடி வீசாதுங்க. எங்க காலேஜ் லேபுல ஒரு புட்டி கீது. தொறந்தா இதே வாசன. கிட்ட போய் மோந்தா வாத்தியாரு முதுகுலயே வெப்பாரு.” அவர் என்னைப் பார்த்தார். “ஐயா, இது நைட்ரோபென்சீன். தோலு வழியாவே உள்ள போவும். மூச்சு வழியாவும் போவும். போயி நாலஞ்சி மணி நேரம் கழிச்சிதான் வேலைய காட்டும்.”

முனுசாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். “சாமி விஷயத்துல வந்து நீ கெமிஸ்ட்ரி பேசாதப்பா.”

“நான் சாமிய ஒண்ணும் சொல்லலீங்க. துணிய சொல்றேன்.” சொல்லிக்கொண்டே சம்புடத்தை எடுக்கக் கை நீட்டினார்.

“அது பூசைப் பட்டு. தொடாதே” என்றேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். “தொடலீங்க. நீங்களே எடுத்து வெளிய வெக்கச் சொல்லுங்க. ஆனா கட்டாதீங்க” என்றார். நான் நோன்பின் தூய்மையை எண்ணிச் சொன்ன சொல் அவர் காதில் வேறு எந்தப் பொருளில் விழுந்திருக்கும் என்பது எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. பின்னால் ஒருநாள்தான் அதற்கு வருத்தம் சொன்னேன்; அவர், “பரவால்லீங்க, பழகினது தான்” என்றார். அந்த விடை அன்றைய ஊசியைவிட ஆழமாக இறங்கியது.

ஏழுமலை தரையில் உட்கார்ந்துவிட்டான். “முழு புட்டியும் நாந்தான் ஊத்துனேன்” என்றான். அதற்குமேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. அவன் பேச்சற்று நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

மருத்துவரை அழைத்துவந்தார்கள். அவர் சம்புடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார். “ஐயா, பாடுங்க. நிறுத்த வேண்டாம். பட்டு மட்டும் வேண்டாம்” என்றார்.

அது எளிய கட்டளை. ஆனால் அதை ஏற்றால் என்ன நேரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பட்டில்லாமல் ஓதி, நண்பகலில் நீலம் வந்தால் அது இறைவன் கொடுத்தது. வராவிட்டால் கடைத்தெருப் புட்டி கொடுத்தது. பட்டை உடுத்தியே ஓதினால் இந்தக் கேள்வி எழாமலே போய்விடும். எழாமலே நான் போகவும் கூடும். நேர்ந்துகொண்ட சொற்களை மனத்தில் ஒருமுறை முழுதாகச் சொல்லிப்பார்த்தேன். முப்பது நாள், விடியல், பதிகம். பட்டு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அதை நான்தான் சேர்த்திருந்தேன்.

மருத்துவமனைச் சட்டையோடு ஓதினேன். எத்தனையோ பேர் உடுத்தி, சவர்க்காரத்தில் வெளுத்து, கழுத்தில் கூடத்தின் எண் குத்திய முரட்டு வெள்ளைத் துணி.

ஓதி முடித்த பின் நண்பகலுக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. தனகோட்டி பணி முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. ரொட்டி சுற்றிவந்த தாளில் ஓர் அறுகோணம் வரைந்தார்.

“இது பென்சீன் வளையம். மூலைக்கு ஒரு கரி அணு. இந்த ஒரு மூலையில மட்டும் நைட்ரஜன் ஒண்ணு குந்தினு, ரெண்டு ஆக்சிஜன புடிச்சிகினு கீது. அதுக்குத்தான் நைட்ரோன்னு பேரு. இத இரும்புத் தூளும் ஆசிடும் போட்டு காச்சினா, அந்த ஆக்சிஜன் ரெண்டும் போயி அனிலின் ஆயிடும்.”

“அனிலின் எனக்குத் தெரியும். சாயத்தின் தாய்ச்சரக்கு.”

“அதே தாங்க. நீங்க பட்டறையில தோய்க்கிற கலருல பாதிக்கு மேல இதுலேர்ந்து வந்ததுதான். ஒங்களுக்கு ஏத்துன நீல மருந்தும் அந்த வம்சந்தான். தொழிற்சாலையில செய்யறதயே ஒடம்பும் செய்யப் பாக்குது. ஆனா பாதி வழியில கெடக்குற சரக்கு ரத்தத்துல பூந்து இரும்ப கெடுத்துடுது.”

வளையத்தில் மூன்று மூலைகளில் நைட்ரோ ஏற்றி, இன்னொரு மூலையில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஒரு சிறு கூட்டும் சேர்த்தால் பிக்ரிக் அமிலம் என்றும், அது பட்டை நேரே மஞ்சளாக்கும் என்றும், அதுவே வெடிக்கவும் செய்யும் என்றும் சொன்னார். அந்தக் கசப்பு மஞ்சளை நான் இளமையில் கண்டிருக்கிறேன். அதை உலரவிடாமல் ஈரத்திலேயே வைத்திருக்கும்படி பழைய பட்டறைக்காரர்கள் ஏன் மிரட்டினார்கள் என்பது அன்று விளங்கியது. வளையத்தின் மூலையில் ஏறி உட்காரும் ஒரு சிறு கூட்டத்தால் ஒரே பொருள் மணமாகவும் நிறமாகவும் நஞ்சாகவும் நெருப்பாகவும் ஆகிறது. என் தொழிலின் அடித்தளத்தை அறுபத்தொரு வயதில் ரொட்டித் தாளில் படித்தேன்.

“உள்ள போனது கொஞ்சம் கொழுப்புல தங்கிக்கும். மெதுவாத்தான் வெளிய வரும். அதனால இன்னிக்கி சுத்தமா இல்லாம போவாது. ஆனா அளவு எறங்கணும்” என்று அவர் முன்கூட்டியே எச்சரித்தார்.

பத்து மணிக்கு ஆரணியிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். முந்தைய நாள் வந்தவர்களில் சிலரும் புதியவர்களும். வராந்தாவில் சன்னலை ஒட்டி நின்றார்கள். கனகம் என் வலக்கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். பதினொன்று. பன்னிரண்டு. பன்னிரண்டரைக்குத் தனகோட்டி மீண்டும் இரத்தம் எடுத்தார். வடிதாளில் என் துளியும் அவர் துளியும் பக்கம் பக்கமாக இருந்தன. என்னுடையது அவருடையதைவிடச் சற்று மங்கல். ஆனால் சிவப்பு.

சன்னலுக்கு வெளியே முணுமுணுப்பு.

“ஆவுதா?”

“ஒண்ணும் தெரியலியே.”

“நேத்து இந்நேரம் நல்லா தெரிஞ்சுது.”

“இன்னிக்கி இல்ல போல. ரெண்டு மணி பஸ்ஸ புடிச்சிட்டா வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊடு போயிடலாம்.”

அவர்கள் என்னிடம் விடைபெறாமலே போனார்கள். கனகம் என் விரல்களை ஒவ்வொன்றாகச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். ஏழுமலை, “அழாதக்கா, நகம் நனஞ்சி மறுபடி கலர் மாறிட போவுது” என்றான். அவனுக்குப் பேச்சு திரும்பியிருந்தது.

நானும் என் விரல்களைப் பார்த்தேன். நெசவுக்காரனின் காய்ப்பேறிய பழைய விரல்கள். உயிர் மீண்டது என்று அறிந்த அந்தக் கணத்தில் மகிழ்ச்சி முதலில் வரவில்லை. துக்கம் வந்தது. இறைவன் என்னைத் தனியே எடுத்துக் குறியிடவில்லை. கறையை எடுக்க மணமுள்ள சரக்கைத் தேர்ந்தவன் நான். எச்சரித்தும் கேளாதவன் நான். நிறம் வந்ததும் அதற்கு அவன் பெயரைச் சூட்டியவனும் நான். இதைத்தான் பெருமை தராத காரணம் என்று தொடக்கத்தில் எழுதினேன்.

பட்டை என் கையாலேயே சம்புடத்தோடு தனகோட்டியிடம் கொடுத்தேன். மருத்துவமனையார் அதை முறைப்படி அழித்தார்கள். வீட்டில் மீதமிருந்த அடிவண்டல் புட்டியையும் ஏழுமலை கொண்டுவந்து ஒப்படைத்தான். என்னோடு ஓதும் ஐவருக்கும் சொல்லியனுப்பினேன். நல்லவேளையாக எவரும் அந்தச் சரக்கை வாங்கவில்லை; அவர்களுக்குப் பெட்ரோலே போதுமானதாக இருந்திருக்கிறது. அதன்பின் நீல மருந்து எனக்குத் தேவைப்படவில்லை. எட்டு நாள் கழித்து வீடு திரும்பினேன். இரத்த அணுக்கள் பழைய நிலைக்கு வர மாசி ஆகிவிட்டது.

பதினேழாம் நாள் விடியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே முரட்டுச் சட்டையோடு கட்டிலில் அமர்ந்தேன். ஊரிலிருந்து எவரும் வரவில்லை. ஏழுமலை மருந்து வாங்கப் போயிருந்தான். கனகம் பெஞ்சில் அயர்ந்து உறங்கினாள். ஐந்து இரவுகளாகக் கிடைக்காத உறக்கம். முனுசாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஓதத் தொடங்கினேன். ஐந்தாம் பாட்டின் நடுவில் ஓர் அடி மறந்துபோயிற்று. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருமுறையும் மறக்காத அடி. கேட்க யாரும் இல்லாததால் தாண்டிப் போயிருக்கலாம். நிறுத்தினேன். அது தானாக நினைவுக்கு வரும்வரை கண்ணை மூடிக் காத்திருந்து, பிறகு அந்த அடியிலிருந்தே தொடர்ந்தேன்.